உறங்கும் கணவர், விழித்திருக்கும் மனைவி

சொல்லக் கூசுகின்ற செய்தி ஒன்றை இக்கட்டுரை பேசப் போகிறது. குடும்பத்தார் அனைவரும் புரட்டுகின்ற இதழில் இது தேவைதானா எனப் பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். உண்மையைக் கூறுவதில் அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டு, உறக்கத்தில் ஆணுக்கு நேர்வது பெண்ணுக்கும் நேர்ந்தால் அவள்மீது குளிப்பு கடமையாகுமா எனக் கேட்டார்கள். அருகிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ கேட்டவரைக் கடியவில்லை. தெளிவாக விடை பகர்ந்தார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. உறங்கும் உடலுக்கு என்ன நேர்கிறது என்று ஒரு பெண்மணி துணிந்து கேட்டதனால் சமுதாயம் முழுவதற்கும் ஒரு சட்டம் கிடைத்தது. அந்தத் துணிவில் சிறிதளவு இங்கே நமக்கும் வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஆழ்வார்குறிச்சியில், கடனா நதி நீர் பாயும் வயல்களை ஒட்டிய ஒரு தெரு என வைத்துக்கொள்வோம். பொட்டல்புதூராகவோ இரவணசமுத்திரமாகவோ இருந்தாலும் செய்தி மாறாது. கணவர் வளைகுடா நாடொன்றில் ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என மாறி மாறி வேலை பார்த்தவர். இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறார். மனைவி பகலெல்லாம் இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிப் பீடி சுற்றி, மாலையில் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தவர். இஷாத் தொழுது, உண்டு, படுக்கிறார்கள். கண்ணயர்ந்து ஒரு மணி நேரம் சென்றிருக்கும். கணவர் மனைவியை நாடுகிறார்.

அந்த நாட்டம் அவர் அறிந்த நாட்டமாக இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் மறுமொழி வரவில்லை. கண்கள் பாதி திறந்திருக்கின்றன. பார்வையில் ஆள் இல்லை. பிடியில் வழக்கமில்லாத முரட்டுத்தனம் இருக்கிறது. பகலில் அவர் நாவில் ஒருநாளும் வராத சொற்கள் வருகின்றன. மனைவி அஞ்சி விலகுகிறார். சற்று நேரத்தில் கணவர் புரண்டு படுத்துக் குறட்டை விடத் தொடங்கிவிடுகிறார். சுபுஹுக்கு எழுந்து, "ஏன் முகம் வாடியிருக்கிறது, உடம்புக்கு முடியவில்லையா?" என்று பரிவோடு கேட்கிறார். அதில் நடிப்பே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மனைவியின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். கனவில் வேறொருத்தியை எண்ணினாரோ? அயல்நாட்டில் ஏதேனும் தவறான பழக்கம் ஒட்டிக்கொண்டதோ? ஜின்னின் தீண்டுதலோ? என்மீது மதிப்பே இல்லையோ? மாமியிடம் இதைச் சொல்ல முடியாது. உம்மாவிடம் சொன்னால் உம்மா அழுவார்கள். தோழியிடம் சொன்னால் தெருவே அறிந்துவிடும். ஆகவே அவர் எவரிடமும் சொல்லாமல், இரவு வந்தாலே அஞ்சி, விழித்தே படுத்திருக்கிறார். கணவர் உறங்க, மனைவியின் உறக்கம் போய்விடுகிறது.

இது நோய், இதற்குப் பெயருண்டு

கனடா நாட்டின் டொராண்டோ நகரைச் சேர்ந்த உறக்க மருத்துவர் காலின் ஷாப்பிரோவும் அவருடைய துணைவர்களும் 2003ஆம் ஆண்டு இத்தகைய 11 பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'செக்ஸோம்னியா'. தூக்கத்தில் எழுந்து நடப்பதும், தூக்கத்தில் சமையலறைக்குச் சென்று உண்பதும், குழந்தைகள் நள்ளிரவில் வீறிட்டு அலறிவிட்டுக் காலையில் ஒன்றும் அறியாமல் விளையாடுவதும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ, இதுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உறக்க நோய்களைப் பகுத்துரைக்கும் உலக அளவிலான பட்டியலில் 2005 முதல் இதற்கு இடம் உண்டு.

இது மிக அரிதென்றும் கூறுவதற்கில்லை. நார்வே நாட்டில் 1,000 பேரிடம் தொலைபேசியில் வினவி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தமக்கு இவ்வாறு நேர்ந்ததாகக் கூறினார்கள். ஆண்களிடம் மிகுதி, பெண்களுக்கும் வருவதுண்டு. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் என்று எவராலும் எண்ண இயலாது. எவரும் சொல்வதில்லையே!

இது நிகழும் விதத்தை அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும். நம் உறக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக ஆழ்ந்தும் மேலெழுந்தும் செல்கிறது. மிக ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேதான் பெரிதும் அமைகிறது. கனவு மிகுந்த உறக்கம் பின்னிரவுக்கு உரியது. அந்த ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளையை ஏதேனும் ஒன்று திடீரெனத் தட்டி எழுப்பினால், சிலருக்கு மூளை முழுவதும் ஒருசேர விழிப்பதில்லை. உடலை இயக்கும் பகுதிகளும், பசி, அச்சம், இச்சை போன்ற அடிப்படை உணர்வுகளுக்குரிய பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. நன்மை தீமை பகுத்தறியும் பகுதியும், நிகழ்வதை நினைவில் பதிக்கும் பகுதியும் உறங்கியே கிடக்கின்றன. ஆகவே உங்களை நாடியது உங்கள் கணவருடைய கருத்தன்று. வேறொருத்தியைப் பற்றிய கனவும் அன்று. அந்நேரம் பெரும்பாலும் கனவுக்குரிய நேரமே இல்லை.

தட்டி எழுப்புவது எது? பல நாள் உறக்கம் கெட்டவருக்கு, உறங்கக் கிடைக்கும் முதல் இரவுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகக் கனமாக வந்து இறங்கும். அதிலிருந்து அரைகுறையாக விழிப்பதும் எளிதாக நேரும். பகலும் இரவும் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, விமானமேறி வந்து, வந்த அன்றே உறவினர் கூட்டத்தில் நள்ளிரவு வரை அமர்ந்திருப்பவருடைய நிலை இதுதான். மனக்கவலை ஒரு காரணம். மது ஒரு காரணம்; அது ஏன் விலக்கப்பட்டது என்பதற்கு இன்னுமொரு சான்று என்று மட்டும் கூறி அப்பால் செல்வோம். சில தூக்க மாத்திரைகளும், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும் தூண்டுவதுண்டு. எவரும் கவனியாத காரணம் ஒன்றிருக்கிறது: குறட்டை. எல்லாக் குறட்டையும் அன்று. பலத்த குறட்டையின் நடுவே மூச்சு சில நொடிகள் அடைபட்டு, பின்னர் ஒரு திணறலோடு மீள்கிறதே, அந்தக் குறட்டை. ஒவ்வொரு அடைப்பும் மூளையை அரைகுறையாக எழுப்புகிறது. கழுத்துப் பருத்து, வயிறு பெருத்து, பகலில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்கின்ற ஆண்கள் நம் வீடுகளில் குறைவா?

வாப்பாவோ உடன்பிறந்தாரோ தூக்கத்தில் நடந்ததாக, பிதற்றியதாக வீட்டில் கதையுண்டா என்றும் விசாரித்துப் பாருங்கள். இவ்வியல்பு குடும்ப வழியாகவும் தொடர்வதுண்டு.

எழுதுகோல் உயர்வதும் இறங்குவதும்

மார்க்கம் இதை எங்ஙனம் நோக்குகிறது? மூவருடைய செயல்களை எழுதாமல் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் உறங்குபவர், அவர் விழிக்கும் வரை. அபூதாவூது, திர்மிதி முதலிய நூல்களில் இது காணப்படுகிறது. உறக்கத்தில் ஒருவர் தலாக் என்று பிதற்றினாலும் மணமுறிவு ஏற்படுவதில்லை என அறிஞர்கள் தீர்ப்பளித்திருப்பதும் இந்த அடிப்படையில்தான். உங்களுக்கு மாதவிலக்கான நாட்களில் அவர் உறக்கத்திலே நெருங்கி விட்டார், பாவமாகிவிட்டதே என்று சில சகோதரிகள் உள்ளுக்குள் நடுங்கலாம். அறியாது உறங்கியவர்மீதும், விலக்க முயன்றும் இயலாமற் போன உங்கள்மீதும் பாவம் எழுதப்படுவதில்லை. குளிப்பு, நோன்பு பற்றிய தனிப்பட்ட ஐயங்களை நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரிடம் பெயர் கூறாமலே கேட்டுத் தெளியலாம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் ஆண்களுக்கு மிகவும் வசதியாகப் போய்விடும். ஆனால் சட்டம் இங்கே நிற்கவில்லை. ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றன: உறங்குகின்ற ஒருவர் புரண்டு விழுந்ததனால் அருகிருந்தவர் இறந்துவிடுகிறார். கொலை செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, உணர்வே இல்லை. ஆயினும் அது தவறுதலாக நேர்ந்த கொலையின் சட்டத்தைப் பெறும். இழப்பீடும் பரிகாரமும் உண்டு. பாவம் வேறு, விளைந்த தீங்குக்கு ஈடு செய்யும் பொறுப்பு வேறு என நம் முன்னோர்கள் எத்துணை நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்!

முதல் இரவில் நேர்ந்தது அவர் அறியாதது. காலையில் நீங்கள் சொல்லி, அவர் கேட்டுக்கொண்ட அந்தக் கணத்திலிருந்து அவர் அறிந்தவர். அறிந்த பிறகு அடுத்த இரவுக்கு என்ன ஏற்பாடு செய்தார் என்பது விழித்திருக்கும் மனிதரின் செயல். அங்கே எழுதுகோல் மீண்டும் இறங்கிவிடுகிறது. மனைவியிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளுமாறு இறைமறை ஆண்களுக்கு இடும் கட்டளையில் இரவுக்கு விலக்கில்லை. "நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே, உனக்கென்ன?" என்று சிரித்து மழுப்புகிற கணவர் தம் மனைவியின் அச்சத்தைச் சிறிதும் உணராதவர்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். தூக்கத்தின்மேல் பழி போட்டுத் தப்பிக்கின்ற ஆண்களும் இருக்கக்கூடும். இதை அளந்தறிய மனைவியிடம் கருவி இல்லை. ஆயினும் ஒரு வழி உண்டு. மெய்யாகவே நோயுற்றவர் செய்தி கேட்டதும் திகைப்பார், வெட்குவார், தம்மையே வெறுப்பார்; தனியே படுக்கவும் மருத்துவரிடம் வரவும் இசைவார். தாம் ஒன்றும் அறியேன் என்பவர், தனிப்படுக்கைக்கும் வரமாட்டேன், மருத்துவரிடமும் வரமாட்டேன் என்றால் அதைத் தூக்கத்தின் குற்றமாகக் கொள்ளாதீர்கள். உங்கள் குடும்பத்துப் பொறுப்பான மூத்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள். துன்புறுத்தல் என்று தோன்றினால் பெண்களுக்கான 181 என்ற எண்ணும் இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

அவரைப் பிடித்து உலுக்காதீர்கள். கட்டிப்பிடித்து அடக்கவும் முயலாதீர்கள். பாதி விழித்த மூளை தடுப்பதைத் தாக்குதலாக எண்ணி முரட்டுத்தனம் காட்டக்கூடும். உறுதியான குரலில் அவர் பெயரைச் சொல்லி "தூங்குங்கள்" என்று கூறிவிட்டு, படுக்கையை விட்டு எழுந்து விலகிவிடுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கணவரின் அழைப்பை மறுக்கலாகாதே என்று உங்கள் மனம் உறுத்த வேண்டியதில்லை. அங்கே உங்களை அழைப்பவர் எவரும் இல்லை.

மருத்துவம் பயன் தரும் வரை தனித்தனியே படுப்பதே நலம். இடமிருந்தால் தனி அறை. இல்லையெனில் அவர் திண்ணையிலோ மாடியிலோ படுக்கட்டும். அது கோபமன்று, பிரிவினையன்று என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் ஆடை என்று திருமறை கூறுவதை நாம் நிக்காஹ் மேடைகளில் கேட்டிருக்கிறோம். மாமி வினவினால், "குறட்டை தாங்க முடியவில்லை" என்று சொன்னாலே போதும். அது பொய்யாகவும் இராது. தாம்பத்திய இரகசியத்தை வெளியே பரப்புவது பெருங்குற்றம் என்பதை நாம் அறிவோம். மருத்துவரிடம் சொல்வது பரப்புவதாகாது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. இந்நோயுள்ளவர் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்கவே கூடாது. அது எத்தனை சிறிய பிள்ளையாயினும் சரி. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்து வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இவ்வீட்டில் அதற்கு முன்பே பிரித்து வையுங்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் விருந்தினர் நிறைந்துவிடுவார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் பெரியவர், சிறியவர் எல்லாரும் படுப்பது வழக்கம். அந்நாட்களிலும் இவருக்குத் தனி இடந்தான். கதவில் ஒரு சிறு மணியைக் கட்டிவைத்தால், அவர் எழுந்து வந்தால் உங்களுக்குத் தெரியும்.

மருத்துவத்துக்கு முன்னும் செய்யத்தக்கவை உண்டு. இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நாமறிந்ததே. இன்று அந்த வீண்பேச்சு கைப்பேசியாகத் தலையணைக்கடியில் வந்து குடியேறியிருக்கிறது. அதை ஒழித்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து எழுவதே பலருக்குப் பெரும் நிவாரணம் அளிக்கும். ரமளானில் தராவீஹ், ஸஹர் என உறக்கம் துண்டுபடும். அம்மாதத்தில் பகலுறக்கமாகிய கைலூலாவைச் சிறிது கூட்டிக்கொள்ளலாம்.

எங்கே செல்வது?

இரவில் எது நேர்ந்தாலும் பொட்டல்புதூர் தர்காவுக்குச் செல்வது நம் பகுதியில் சாதி மதம் கடந்த வழக்கம். ஓதிப் பார்ப்பவரிடம் செல்வோரும் பலர். துஆச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. படுக்கும் முன் ஓத வேண்டியவற்றை ஓதுவது மனத்தை அமைதிப்படுத்தும். ஆனால் ஜின் பிடித்தது என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் தாயத்துக்குச் செலவழித்து, மூச்சடைப்பு நோயை வளர விடுவது கொடுமை. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறைவன் படைத்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் அந்த நாயகத்தின் (ஸல்) கட்டளையே.

ஆழ்வார்குறிச்சியில் ரயில் ஏறினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலம், நரம்பியல், காது மூக்கு தொண்டை என மூன்று பிரிவுகளில் எதிலும் தொடங்கலாம். மனநல மருத்துவர் என்றதும் பைத்தியம் என எண்ணிவிடாதீர்கள். உறக்க நோய்களும் அவர்கள் பார்ப்பவையே. நேரில் கேட்கக் கூச்சமாயின், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே முதலில் பேசிப் பார்க்கலாம்.

மருத்துவர் ஒருவேளை ஓர் இரவு உறக்கப் பரிசோதனை செய்யச் சொல்லக்கூடும். மதுரை, சென்னை, வேலூர் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் அதற்கு வசதி உண்டு. தலை, தாடை, மார்பு, கால் ஆகியவற்றில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, மூச்சையும் மூளையின் அலைகளையும் இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். வலி இல்லை. இரவில் வரும் ஒருவகை வலிப்பும் இப்படித் தோற்றம் தரலாம். வயது முதிர்ந்தோர் பின்னிரவில் கனவைக் கண்டபடியே கை கால்களை வீசுவது வேறொரு நோய். இவற்றைப் பிரித்தறிய இப்பரிசோதனை உதவும். மூச்சடைப்பு காரணமென்றால், உறங்கும்போது மூக்கில் பொருத்தும் காற்றழுத்தக் கருவி ஒன்று தருவார்கள். மூச்சடைப்பு நீங்கியதும் இந்த நடத்தையும் நின்றுபோனவர்கள் உண்டு. மற்றவர்களுக்குக் குளோனாசிபம் போன்ற மாத்திரைகள் கொடுப்பார்கள். அம்மாத்திரை பழக்கமாகிவிடக் கூடியது. மூச்சடைப்பு உள்ளவருக்குத் தீங்கும் செய்யக்கூடும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தார்கள் என்று மருந்துக் கடையில் தானாக வாங்கிவிடாதீர்கள்.

கணவரிடம் எப்போது சொல்வது என்பதுதான் பல சகோதரிகளுக்குப் பெரிய மலை. இரவில், படுக்கையில், அழுகையோடு சொல்லாதீர்கள். பகலில், பிள்ளைகள் மதரஸாவுக்குச் சென்ற பிறகு, தேநீர் கொடுத்து அமர்த்திச் சொல்லுங்கள். "நீங்கள் இப்படிச் செய்தீர்கள்" என்று தொடங்காமல், "உங்களுக்கு உறக்கத்தில் ஏதோ நேர்கிறது, நான் பயந்துபோனேன்" என்று தொடங்குங்கள். அவர் முதலில் நம்பமாட்டார், கோபமும் கொள்ளலாம். அதற்காக நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடிக்க முனையாதீர்கள். படுக்கையறைப் படம் ஒன்று கைமாறினால் விளையும் கேடு இந்நோயைவிடப் பெரிது. குறட்டையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். மருத்துவருக்கும் அதுவே போதும்.

அத்துடன் பிள்ளையின் பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்து, எந்தத் தேதி, படுத்து எவ்வளவு நேரம் கழித்து, முந்திய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார், அன்று என்ன மாத்திரை உண்டார் என்று ஒரு வரி எழுதி வாருங்கள். விடுப்பு முடிந்து அவர் மீண்டும் விமானமேறுவதற்குள் ஒருநாள் மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கே அவரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் அமர்ந்துவிட வேண்டாம். அவருக்கு நினைவில் ஒன்றுமில்லை. மருத்துவர் கேட்பதற்கெல்லாம் விடை உங்களிடமும் அந்தக் குறிப்பேட்டிலும்தான் இருக்கிறது.